பிள்ளை பெத்தாச்சுல்ல, அப்புறம் எதுக்கு?

2004 நவம்பர் மூன்றாவது வாரம். தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த கொண்டலீசா ரைஸ்தான் அடுத்த வெளியுறவு அமைச்சர் என்று அதிபர் புஷ் அறிவித்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமையே அந்த அம்மையார் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மருத்துவமனையில் போய்ச் சேர்ந்தார். கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி. வயிற்றைக் கிழிக்கவில்லை. ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியைப் பொடித் துகள்களால் அடைத்தார்கள். ஓர் இரவு தங்கினார், வீட்டுக்குப் போனார், அடுத்த வாரம் வேலையைப் பார்த்தார். கர்ப்பப்பை இருந்த இடத்திலேயே இருந்தது.

என்ன பின்தங்கிய நாடு! உலகத்தையே ஆட்டிவைக்கிற ஒரு பெண்மணிக்கு இவ்வளவுதானா வைத்தியம்? ஐம்பது வயது, பிள்ளைகுட்டி இல்லை, இனிப் பெறப்போவதும் இல்லை. அதை உள்ளே வைத்துக்கொண்டு வெளியுறவுத் துறையில் என்ன செய்யப்போகிறார்? நம் பக்கம் வந்திருக்க வேண்டும். ஏதாவது ஒரு மாவட்டத் தலைநகரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வாசலில் மெடிக்கல் ஷாப்பும் மாடியில் லேபுமாக இருக்கும் நர்சிங் ஹோமுக்கு வந்திருந்தால் பத்தே நிமிஷத்தில் தீர்ப்பு கிடைத்திருக்கும். "எடுத்துடலாம்மா. விட்டா கேன்சரா மாறிடும்." அவ்வளவுதான். அமெரிக்க அமைச்சர் என்பதற்காகத் தனி மரியாதை எதுவும் கிடையாது. இந்த விஷயத்தில் நாங்கள் சமத்துவவாதிகள். கூலி வேலைக்காரி, டீச்சரம்மா, பேங்க் மேனேஜர், அமைச்சர், எல்லோருக்கும் ஒரே வைத்தியம்.

ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பையின் தசைச் சுவரில் முளைக்கிற கட்டி. புற்றுநோய் இல்லை. எங்கே முளைத்திருக்கிறது என்பதுதான் முக்கியம். உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் பட்டாணி அளவில் இருந்தாலே ரத்தம் கொட்டும். வெளிச்சுவரில் இருந்தால் எலுமிச்சை அளவுக்கு வளர்ந்தாலும் சத்தம் காட்டாமல் கிடக்கும். அமெரிக்காவில் பெண்களை வரிசையாக ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு ஒன்று, ஐம்பது வயதை எட்டுவதற்குள் வெள்ளைக்காரப் பெண்களில் 70 சதவீதம் பேருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கும் இந்தக் கட்டி வந்துவிடுகிறது என்று சொன்னது. அவர்களில் ஏராளமானோருக்கு அது இருப்பதே தெரியாது. மாதவிடாய் நின்றபிறகு பெரும்பாலும் தானாகவே சுருங்கியும்விடும். அதாவது, வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துத் தேடினால் நடுவயதுப் பெண்களில் பாதிப்பேரிடமாவது ஏதோ ஒரு கட்டி அகப்படும். இதைவிட நல்ல வியாபாரம் வேறு எதில் இருக்கிறது? சரக்கு வாடிக்கையாளர் வயிற்றிலேயே இருக்கிறது. நாம் செய்ய வேண்டியதெல்லாம் பயமுறுத்துவதுதான்.

பயமுறுத்துவதும் ஒரு கலை. சில மாதங்களுக்கு முன் மதினிக்குத் துணையாக அப்படி ஓர் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாறு மாதமாக அவளுக்கு மாதவிடாய் பத்து நாள் வரை இழுத்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. டோக்கன் கொடுக்கிற பெண் பெயரைக் கேட்கவில்லை. "இன்சூரன்ஸ் கார்டு இருக்கா?" என்றுதான் கேட்டாள். வியாதி அப்புறம். உள்ளே டாக்டரம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தார். மதினியைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்துப் பேசினார்.

"எத்தனை பசங்க?"

"ரெண்டு, டாக்டர்."

"ஃபேமிலி ப்ளானிங் பண்ணியாச்சா?"

"ஆச்சு."

"பிள்ளை பெத்தாச்சுல்ல, அப்புறம் எதுக்கு அதை வச்சிக்கிட்டு? வெள்ளிக்கிழமை வேண்டாம்னா வியாழக்கிழமை வச்சுக்கலாம்."

மதினி மெதுவாக, "மாத்திரை ஏதும் இல்லையா டாக்டர்?" என்றாள். "மாத்திரை தின்னா கட்டி கரைஞ்சிடுமாம்மா?" என்றார் அவர். அண்ணன் சிரித்தான், டாக்டர் சிரிக்கும்போது சிரிக்காமல் இருப்பது மரியாதையாகாது என்று நினைத்திருப்பான். ரிப்போர்ட்டில் கட்டியின் அளவு மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. அதே காகிதக் கட்டில் ஹீமோகுளோபின் 7.8 என்று இன்னொரு சீட்டு இருந்தது. அதைப் பற்றி டாக்டரம்மா வாயே திறக்கவில்லை. மூச்சு வாங்குவதற்குக் காரணம் அந்த எண்தான். ஆனால் இரும்புச்சத்து மாத்திரையில் என்ன லாபம் வந்துவிடும்? ஒரு மாத மாத்திரையின் விலையில் அவர்கள் ஆபரேஷன் தியேட்டரின் ஏசி ஒரு மணி நேரம்கூட ஓடாது.

ஆபரேஷன் முடிந்ததும் ஒரு சடங்கு உண்டு, பார்த்தவர்களுக்குத் தெரியும். எடுத்த கர்ப்பப்பையை எவர்சில்வர் ட்ரேயில் வைத்து வெளியே கொண்டுவந்து புருஷனிடம் காட்டுவார்கள். "பாருங்க சார், எவ்வளவு பெருசா இருந்துச்சுன்னு." சாதாரண கர்ப்பப்பை ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும் என்பது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? வாழ்நாளில் அவர் பார்க்கிற முதலும் கடைசியுமான கர்ப்பப்பை அதுதான். அவர் கும்பிடுவார். ட்ரே உள்ளே போகும். கேன்சர் பயம் காட்டித்தானே வெட்டினார்கள், அந்தச் சதை பயாப்ஸிக்குப் போயிற்றா, முடிவு என்ன என்று கேட்க நூற்றில் ஒருவருக்குக்கூடத் தோன்றாது.

கேன்சர் என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஃபைப்ராய்டு புற்றுநோயாக மாறுவது மிக மிக அபூர்வம். ஃபைப்ராய்டு என்று நினைத்து ஆபரேஷன் செய்தவர்களிலேயே மறைந்திருந்த புற்றுநோய் அகப்படுவது எத்தனையோ நூறு பேரில் ஒருவருக்குத்தான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோ நம் நாட்டில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பெண்களைக் கொல்கிறது. முன்கூட்டியே பரிசோதித்தால் தடுக்கக்கூடிய நோய் அது. அந்தப் பரிசோதனையை 30 முதல் 49 வயதுப் பெண்களில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறோம்? 2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுக்க 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8. அதுவே மற்ற மாநிலங்களைவிட மேல் என்று நாம் மார்தட்டிக்கொள்ளலாம். கொல்கிற கேன்சரைத் தேடுவதற்கு ஆளில்லை. வராத கேன்சரைக் காட்டி வெட்டுவதற்குத் தெருவுக்கு ஒரு தியேட்டர்.

சரி, வேறு வழியே இல்லாமல்தான் வெட்டுகிறார்களோ என்று நல்லமனசுக்காரர்கள் கேட்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் வைத்தியம், சும்மா இருப்பது. தொந்தரவு இல்லையென்றால் கட்டியைக் கட்டியாகவே விட்டுவிட்டு, அவ்வப்போது ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்வது. பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் சும்மா இருப்பதற்கு பில் போட முடியாது.

ரத்தப்போக்குதான் பிரச்சினை என்றால் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் என்ற மாத்திரை. ரத்தம் அதிகம் போகிற நாட்களில் மட்டும் போட்டுக்கொள்வது. ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானி தன் கணவரோடு சேர்ந்து கண்டுபிடித்து 1962லேயே உலகத்துக்குச் சொன்னது. பிரசவத்தில் ரத்தம் கொட்டிச் சாகிற பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது அந்த அம்மையாரின் ஆசை. அறுபது ஆண்டுகளாக மெடிக்கல் ஷாப் அலமாரியில் இருக்கும் அந்த மாத்திரையை எழுதிக் கொடுக்கத்தான் பேனாவில் மை இல்லை.

அடுத்து, ஹார்மோன் சுரக்கும் லூப். காப்பர்-டி போலவே கர்ப்பப்பைக்குள் வைப்பது. உட்குழி உருக்குலையாத கர்ப்பப்பையாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் ரத்தப்போக்கை வெகுவாகக் குறைத்து வைக்கும். ஆபரேஷனுக்கு முன் கட்டியைச் சுருக்க சில மாத ஊசி இருக்கிறது. வாய்வழியாகச் சாப்பிடும் மாத்திரைக் கூட்டுகளை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020லும் 2021லும் அனுமதித்திருக்கிறது. எலும்பு தேய்மானம் போன்ற காரணங்களால் காலம் முழுக்கச் சாப்பிடக் கூடாது என்பது வேறு கதை. ஆனால் நாற்பத்தெட்டு வயதுக்காரிக்குக் காலம் முழுக்க எதற்கு? மாதவிடாய் நிற்கும்வரை இழுத்துப் பிடித்தால் போதுமே.

ரைஸ் அம்மையாருக்குச் செய்ததன் கதை இன்னும் சுவாரசியம். பாரீஸில் ழாக் ரவினா என்ற டாக்டர், கட்டியை அறுத்து எடுக்கும்போது ரத்தச் சேதம் குறையட்டும் என்று, முன்கூட்டியே தமனியை அடைக்கச் செய்து பார்த்தார். அடைத்த பிறகு சில பெண்கள், "தொந்தரவே போயிடுச்சு, இனி ஆபரேஷன் எதுக்கு?" என்று தியேட்டர் பக்கம் வர மறுத்துவிட்டார்கள். 1995ல் அவர் அதை எழுதி வெளியிட்டார். ஒரு புது வைத்தியம் பிறந்தது. நம் ஊர் டாக்டராக இருந்தால் ஆபரேஷனுக்கு வராத பேஷண்ட் மேல் கோபப்பட்டிருப்பார். நெதர்லாந்தில் இந்த முறையையும் கர்ப்பப்பை நீக்கத்தையும் ஒப்பிட்டுப் பத்து வருஷம் கழித்துப் பார்த்தார்கள். தமனி அடைத்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கடைசிவரை கர்ப்பப்பையை எடுக்க வேண்டியே வரவில்லை. மீதிப் பேருக்கு வந்தது, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் இதைச் செய்கிறவர் ரேடியாலஜி டாக்டர். மகப்பேறு டாக்டர் அங்கே அனுப்பினால் பேஷண்ட்டோடு பில்லும் கூடவே போய்விடுமே. அதனால்தான் இந்த வசதி உள்ள பெரிய ஊர்களிலேயே எத்தனையோ பெண்களின் காதில் இது விழுவதில்லை.

கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையைத் தைத்துவிடும் ஆபரேஷனும் புதிதல்ல. உட்குழியில் இருக்கும் கட்டியைப் பிறப்புறுப்பு வழியாகவே போய், வயிற்றில் ஒரு தையல்கூட இல்லாமல் எடுக்கலாம். மற்றவற்றை லேப்ராஸ்கோப்பி வழியாகவோ வயிற்றைத் திறந்தோ எடுக்கலாம். இங்கிலாந்தில் விக்டர் பானி என்ற சர்ஜன் போன நூற்றாண்டின் முதல் பாதியிலேயே ஒரே கர்ப்பப்பையிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட கட்டிகளை எடுத்துவிட்டு, கர்ப்பப்பையைக் காப்பாற்றிக் கொடுத்தவர். ஏன் அவருக்கு அவ்வளவு அக்கறை? இளவயதில் அவருடைய மனைவிக்கு ஃபைப்ராய்டுக்காகக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பிள்ளை இல்லாமலே போயிற்று. மனிதருக்கு உறைத்துவிட்டது. சொந்த வீட்டில் விழுந்தால்தான் உறைக்கும் போலிருக்கிறது. நம் ஊர் சர்ஜன்களின் மனைவிமார்களுக்கும் சகோதரிமார்களுக்கும் ஃபைப்ராய்டு வந்தால் எந்த வைத்தியம் செய்துகொள்கிறார்கள் என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும். அவர்களுக்கும் முதல் நாளே தேதி குறிப்பார்களா?

இன்னொரு சங்கதி. வயிற்றைத் திறந்ததுதான் திறந்தோம் என்று நல்ல நிலையில் இருக்கும் சினைப்பைகள் இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடுகிற தாராளமும் உண்டு. ஆடித் தள்ளுபடியில் புடவைக்கு இரண்டு ஜாக்கெட் துணி இலவசம் என்பது போல. சினைப்பை போனால் ஹார்மோன் போகும். முப்பத்தாறு வயதுக்காரி மறுநாளே மாதவிடாய் நின்ற கிழவியின் உடம்போடு எழுந்திருப்பாள். நடுராத்திரியில் உடம்பு தகிக்கும், வியர்த்து ஊற்றும். எலும்பு சீக்கிரம் தேயும், இதய நோய்க்கான ஆபத்து கூடும். சினைப்பையை விட்டுவைத்தாலும், கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு அது சீக்கிரமே ஓய்ந்துபோகும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. "இடுப்பு வலிக்குது டாக்டர்" என்று ரெண்டு வருஷம் கழித்து அதே நர்சிங் ஹோமுக்கு வந்தால், அங்கே எலும்பு டாக்டர் செவ்வாய், வியாழன் மாலை பார்ப்பார்.

நடுவில் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வெட்டுக்குப் பயந்து யூடியூபில் கழற்சிக்காய்ப் பொடி விற்கிற ஆசாமியிடம் போய் விழுகிறவர்களும் உண்டு. நாற்பத்தெட்டு நாளில் கட்டி கரைந்து சிறுநீரில் போய்விடுமாம். தசைச் சுவரில் வேர்விட்ட கட்டி சிறுநீரில் எப்படிப் போகும் என்று அவனும் யோசிப்பதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. இங்கே ஒருவன் வெட்டித் தின்கிறான், அங்கே ஒருவன் கரைத்துத் தின்கிறான்.

கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிய நிலைமையும் உண்டு. மற்றதெல்லாம் பார்த்துச் சரிப்படாமல், வயிறு முழுக்கக் கட்டியாகி, சிறுநீர்ப்பையை அழுத்தி, மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டு திரிகிறவளுக்கு அது பெரிய விடுதலை. எல்லாம் தெரிந்துகொண்டு ஒரு பெண், "போதும், எடுத்துடுங்க" என்று தானே முடிவு செய்தால் குறுக்கே நிற்க எவனுக்கும் உரிமை இல்லை. அப்படிப் பொறுமையாக உட்கார்ந்து விளக்கிச் சொல்லும் டாக்டர்களும் இருக்கிறார்கள், அரசு மருத்துவமனை நெரிசலுக்கு நடுவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை கோபத்தைத் தராது. கோபம் யாருக்கு வருகிறதோ அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஏழைகளுக்கு நல்லது செய்யலாம் என்று அரசாங்கம் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு பீகாரைப் பாருங்கள். 2008ல் மத்திய அரசு ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு காப்பீட்டு அட்டை கொடுத்தது. முப்பது ரூபாய் கட்டினால் குடும்பத்துக்கு வருஷம் முப்பதாயிரம் ரூபாய் வரை சிகிச்சை. அட்டையில் முப்பதாயிரம் சும்மா கிடப்பதைப் பார்த்தால் தர்மவான்களுக்குத் தூக்கம் வருமா? பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் கிராமங்களில் வயிற்று வலி என்று போனவள் கர்ப்பப்பை இல்லாமல் வந்தாள். வெள்ளைப்படுகிறது என்று போனவளும் அப்படியே வந்தாள். ஆர்வக்கோளாறில் ஆண்களின் பெயரிலும் கர்ப்பப்பை எடுத்ததாக எழுதிப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று பீகாரில் புகார் கிளம்பி, பாட்னா உயர்நீதிமன்றம்வரை போயிற்று. மருத்துவ உலகம் இன்னும் அந்த ஆண்களைப் பரிசோதித்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் விஷயம் இதையும் தாண்டியது. வறண்ட பூமி. மழைக்காலம் முடிந்ததும் லட்சக்கணக்கான பேர் மூட்டைமுடிச்சோடு கரும்பு வெட்டக் கிளம்புவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு கணக்கு. முன்பணம் கொடுத்து அழைத்துப்போகிறவன் முகாதம் என்கிற மேஸ்திரி. ஒருவர் ஒரு நாள் வராவிட்டால் ஐந்நூறு ரூபாய் அபராதம். கரும்புக் காட்டில் கூடாரம், கழிப்பறை கிடையாது, துணி மாற்ற மறைவு கிடையாது, தண்ணீர் கிடையாது. மாதத்தில் நான்கு நாள் பெண்ணுக்கு உடம்பு முடியாது என்றால் இரண்டாயிரம் ரூபாய் போச்சு. தொற்றோ கட்டியோ வந்து டாக்டரிடம் போனால் அவர் ஒரே வெட்டில் நோயையும் அபராதத்தையும் சேர்த்தே தீர்த்துவைத்தார். 2019ல் விஷயம் வெளியே வந்தது. மூன்று ஆண்டுகளில் பீட் மாவட்டத்துத் தனியார் மருத்துவமனைகளில் 4,605 கர்ப்பப்பைகளை எடுத்திருக்கிறார்கள் என்று மாநிலச் சுகாதார அமைச்சரே சட்டமேலவையில் சொன்னார். நீலம் கோர்ஹே தலைமையில் அமைத்த குழு 82,309 கரும்புத் தொழிலாளிப் பெண்களை விசாரித்ததில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. ஆறு பேரில் ஒருத்தி. முப்பது வயதைத் தாண்டாதவர்களும் அதில் உண்டு. தொழிலாளர் சட்டம், மாதவிடாய் விடுப்பு, கழிப்பறை என்று உலகம் வெட்டியாகப் பேசிக்கொண்டிருக்கிறது. மேஸ்திரியின் நோட்டுக்குத் தகுந்தபடி உடம்பையே திருத்தி அமைத்துவிட்டால் சட்டம் எதற்கு?

அது மகாராஷ்டிரம், நாம் பெரியார் மண் என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட வேண்டாம். தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலி என்று சொல்லும் பெண்களுக்குப் பெயர்கூட இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து மிஷினில் உட்காரவைக்கிறார்கள் என்று அதே 2019ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் சுமார் நூறு பெண்களிடம் பேசி எழுதியது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண் உட்கார ஒரு நாற்காலி போட வேண்டும் என்பதற்கே 2021ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ரத்தப்போக்கு அதிகமாக இருக்கிறவள் அந்தக் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கழிப்பறைக்கு அனுமதி கேட்டு மேற்பார்வையாளரிடம் போய் நிற்க முடியும்? பிறகு அவளே டாக்டரிடம், "எடுத்துடுங்க, தொல்லை விட்டுச்சு" என்று சொல்கிறாள். அதைச் சம்மதம் என்று ஃபாரத்தில் எழுதிக்கொள்கிறோம். வீட்டிலும் மாமியாருக்குச் சந்தோஷம். இனி மூன்று நாள் தள்ளி உட்காரவைக்க வேண்டாம், நல்லது கெட்டதுக்குத் தடை இல்லை, சபரிமலைக்கு மாலை போட்ட வீட்டில் தீட்டுப் பிரச்சினை இல்லை. கடவுளுக்கும் கடை முதலாளிக்கும் ஒரே நேரத்தில் வசதியான ஆபரேஷன் வேறு எது இருக்கிறது?

2015-16ல் நடந்த நான்காவது குடும்பநலக் கணக்கெடுப்பில்தான் முதல் முறையாகப் பெண்களிடம், "உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கிறதா?" என்று அரசாங்கம் கேட்டது. சுதந்திரம் கிடைத்து அறுபத்தெட்டு வருஷம் கழித்து. 15 முதல் 49 வயதுக்குள் இருந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் இல்லை. ஆந்திராவில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு இல்லை. ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் நடு வயது 34. மூன்றில் இரண்டு பங்கு ஆபரேஷன்கள் தனியார் இடங்களில். அடுத்த கணக்கெடுப்பில் தனியாரின் பங்கு 70 சதவீதத்தைத் தொட்டது. சொல்லப்பட்ட காரணங்களில் முதலிடம் அதிக ரத்தப்போக்கு, அடுத்து கட்டி. அறுபது வருஷத்து மாத்திரை, லூப், துகள், சும்மா இருத்தல் என்று இவ்வளவு நேரம் பட்டியல் போட்டேனே, அவையெல்லாம் எதற்கு இருக்கின்றனவோ அதே காரணங்கள்.

ராஜஸ்தானைச் சேர்ந்த டாக்டர் நரேந்திர குப்தா இந்த அநியாயத்தை எடுத்துக்கொண்டு 2013ல் உச்சநீதிமன்றம் போனார். 2023 ஏப்ரல் 5ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பத்து வருஷம். வழக்குப் போட்ட அன்று 34 வயதாக இருந்தவள் 44 வயதில் தீர்ப்பைப் படித்தாள், கர்ப்பப்பை இல்லாமல். தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, அதை மூன்று மாதத்தில் எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும், தேசியம், மாநிலம், மாவட்டம் என்று கண்காணிப்புக் குழுக்கள் வேண்டும், சம்மதமில்லாமலும் தேவையில்லாமலும் எடுத்த மருத்துவமனைகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். நல்ல தீர்ப்பு. உங்கள் மாவட்டக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள், எத்தனை ஆபரேஷன்களைப் பரிசீலித்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனு போடுங்கள். கறுப்புப் பட்டியலில் எத்தனை பெயர் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் வந்தால் பத்திரமாக எடுத்துவையுங்கள், அபூர்வப் பொருளாக இருக்கக்கூடும்.

மதினி வியாழக்கிழமை போகவில்லை. அவளுடைய மகள்தான் முட்டுக்கட்டை போட்டாள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலை ஏழு மணிக்கே போய் வரிசையில் நின்று காட்டினார்கள். இரும்புச்சத்து ஊசியும், ரத்தப்போக்கு நாட்களுக்கு மாத்திரையும் எழுதி, ஆறு மாதம் கழித்து ஸ்கேனோடு வரச் சொன்னார்கள். செலவு, ஆட்டோவுக்குக் கொடுத்தது மட்டும்.

அதனால் உங்கள் வீட்டில் யாருக்காவது முதல் நாளே தேதி குறித்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை மூடிவையுங்கள். கட்டி எந்த இடத்தில் இருக்கிறது, எத்தனை சென்டிமீட்டர், எடுக்காவிட்டால் என்ன ஆகும், கட்டியை மட்டும் எடுக்க முடியாதா, மருந்து கொடுத்துப் பார்த்தீர்களா, சினைப்பையை விட்டுவைப்பீர்களா என்று டாக்டரிடமே கேளுங்கள். அதைப் புருஷனோ அண்ணனோ கேட்க வேண்டாம், வயிறு யாருடையதோ அவள் கேட்கட்டும். "டாக்டர் நானா நீங்களா?" என்று அவர் எரிந்து விழுந்தால் பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்து வந்து, வேறு ஊரில் வேறு டாக்டரிடம் காட்டுங்கள். ரிப்போர்ட்டைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது.